எத்திராஜின் தள்ளாட்டம்

ஆந்திர எல்லையிலிருக்கும் நகரியில் சுரேஷ்பாபுவின் விசைத்தறிக் கொட்டகையில் பதினெட்டு வருஷமாகத் தறி ஓட்டிய எத்திராஜ் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. அது ஊரறிந்த விஷயம். சனிக்கிழமை சாயந்திரம் மற்றவர்கள் கடைப் பக்கம் ஒதுங்கும்போது அவன் நேராக வீட்டுக்குப் போவான். அதற்காகவே அவனைக் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவனைத்தான் அந்த ஆனி மாதம் புத்தூர்க் கல்யாண மண்டபத்தில் முந்நூறு பேர் முன்னால் குடிகாரன் ஆக்கினார்கள்.

அவன் மனைவி இந்திராணியின் அண்ணன் சந்திரனுடைய மகளுக்குக் கல்யாணம். சாயந்திர வரவேற்பில் சீர்த்தட்டுகளை வாசலிலிருந்து மேடைக்குக் கொண்டுபோனார்கள். லட்டுத் தாம்பாளம் எத்திராஜ் கையில். பாதி தூரம் போனபோது கரண்டு போயிற்று. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளப் பத்து நொடி ஆகியிருக்கும், அவ்வளவுதான். வெளிச்சம் வந்தபோது எத்திராஜ் மாப்பிள்ளையுடைய பெரியப்பாவின் மடிமேல் கவிழ்ந்து கிடந்தான். லட்டுகள் நாற்காலிகளுக்கு அடியில் உருண்டு ஓடிக்கொண்டிருந்தன.

"இந்நேரத்துக்கே ஊத்திக்கினு வந்துட்டாரு போல" என்று மாப்பிள்ளை வீட்டார் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது.

சந்திரன் வந்து அவனைக் கையைப் பிடித்துத் தூக்கினார். முகம் சிவந்திருந்தது. "இன்னா மாப்ளே, எம் பொண்ணு கல்யாணத்துல ஒரு நாளு அடக்கிக்கினு இருக்க முடியலயா?"

"சத்தியமா நான் குடிக்கல மச்சான். காலு எங்க வெக்கிறேன்னு எனக்கே தெரியல."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் சந்திரன்.

இந்திராணி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். இல்லை, எம் புருஷன் அப்படிப்பட்டவன் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. குனிந்து லட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். எத்திராஜுக்கு விழுந்ததைவிட அதுதான் வலித்தது.

உண்மையில் அந்தத் தொல்லை மாசி மாதமே தொடங்கிவிட்டது. முதலில் கால் விரல்கள் மரத்தன. பஞ்சுமேல் நடப்பது போல இருக்கும். ஒருநாள் கொட்டகையிலிருந்து வீடு வந்து சேர்ந்தபோது இடது காலில் செருப்பு இல்லை. எந்த இடத்தில் கழன்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. வெறுங்காலில் நடந்து வந்தது கூடத் தெரியவில்லை. பிறகு நாக்கு சிவந்து வழவழப்பாகி, காரச் சட்னி பட்டால் நெருப்புப் பட்டது போல எரிந்தது. பிறகு கை. தறியில் இழை அறுந்தால் இரண்டு விரலுக்கிடையே பிடித்து முடிச்சுப் போட வேண்டும். பிடித்திருக்கிறோமா, நழுவிவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் நரம்புத் தளர்ச்சி என்று வலி மாத்திரையும் ஒரு டானிக்கும் கொடுத்தார்கள். டானிக் பாட்டில் தீர்ந்தது, மரமரப்பு தீரவில்லை.

கோபமும் மறதியும் சேர்ந்துகொண்டன. கொட்டகையில் வெளிச்சம் குறைந்த மூலைப்பக்கம் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புத்தூர்ச் செய்தி நகரிக்கு வந்ததும் அவர்கள் சந்தேகத்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் சுரேஷ்பாபு அவனை வாசலிலேயே நிறுத்தினார்.

"வத்து எத்திராஜ், வேணாம். ஓடுற தறிகிட்ட நீ தள்ளாடிக்கினு நின்னா எனக்குப் பயமா கீது. கை போச்சுன்னா உன் பொண்டாட்டி புள்ளைக்கு நான் இன்னா பதில் சொல்றது? வுட்டுட்டு வா. வுட்டப்புறம் வா."

"எத வுட்டுட்டு வர்றது மொதலாளி?"

சுரேஷ்பாபு திரும்பி உள்ளே போய்விட்டார்.

ஒன்பதாவது படிக்கும் மகள் ஹரிதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வீசிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். என்ன என்று கேட்டதற்கு, "உங்க நைனா எந்தக் கடைல குடிப்பாருன்னு கேக்குறாங்க" என்றாள். எத்திராஜ் எழுந்து வெளியே போனான். போகும்போது நிலையில் தோள் இடித்தது.

இந்திராணியும் சந்தேகப்பட்டாள். இருபது வருஷம் கூட வாழ்ந்தவள்தான், ஆனாலும் கண்ணெதிரே ஆள் தள்ளாடுகிறானே! ஒரு மத்தியானம் அவன் பாயில் படுத்திருந்தபோது மெல்லக் குனிந்து அவன் வாயை மோந்து பார்த்தாள். சாராய நெடி எதுவும் இல்லை. அப்படியும் மனசு முழுசாக அடங்கவில்லை.

ஆடி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். காலை ஏழு மணி. எத்திராஜ் வீட்டுப் பின்புறம் தண்ணீர்த் தொட்டி அருகே நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தான். இந்திராணி துணி அலசிக்கொண்டே பார்த்தாள். நேராக நின்றான். சோப்பை எடுத்தான். முகத்தில் தேய்த்துக் கண்ணை மூடினான். அடுத்த கணம் வெட்டிய மரம் போலப் பக்கவாட்டில் சாய்ந்து தொட்டி விளிம்பில் மோதினான்.

அவள் ஓடிப்போய்த் தாங்கினாள். அவன் முகத்தைக் கழுவி விட்டாள். பிறகு ஏதோ தோன்ற, "மாமா, அப்டியே நில்லு" என்றாள். நின்றான். "இப்ப கண்ண மூடு." மூடினான். அவள் மேலேயே சாய்ந்தான். "தொற." நின்றான். "மூடு." மறுபடியும் சாய்ந்தான். மூன்றாம் தரமும் அப்படியே.

இந்திராணி அவன் தோளைப் பிடித்துச் சுவரோரம் உட்கார வைத்தாள்.

"மாமா, குடிச்சவன் கண்ணத் தொறந்துக்கினு இருந்தாலும் விழுவான். நீ மூடினாத்தான் விழற. மண்டபத்துல கரண்டு போனப்பதான் விழுந்த. இது குடி இல்ல. இது வேற இன்னாவோ."

"அதத்தான இத்தினி நாளா நான் சொல்லிக்கினு கீறேன்" என்றான் எத்திராஜ்.

மறுநாளே இரண்டு பேரும் திருப்பதிக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, நரம்பு டாக்டர் அறைக்குள் போகும்போது மணி பதினொன்றரை. டாக்டர் பெயர் ரோஹிணி. நாற்பது வயதிருக்கும். சுற்றி நாலைந்து மாணவர்கள். தமிழ் புரியும், பேச்சு பெரும்பாலும் தெலுங்கு. முழங்காலைத் தட்டிப் பார்த்தார். இரண்டு முள் கொண்ட ஓர் இரும்புக் கவையை மேசையில் தட்டி அவன் கணுக்காலில் வைத்து, அதிருகிறதா என்று கேட்டார்.

"எது மேடம்?" என்றான் எத்திராஜ். இந்திராணிக்கு அந்தக் கவை ரீங்காரமிடுவது காதில் கேட்டது. அவனுக்குக் காலில் தெரியவில்லை.

டாக்டர் எழுந்து நின்றார். "காள்ளு தக்கரகா பெட்டி, கள்ளு மூஸ்கோண்டி" என்றார். காலைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடுங்கள் என்று அர்த்தம். எத்திராஜ் தெலுங்கு தெரியாதவன் அல்ல. ஆனால் கல்யாணத்து நாளிலிருந்து ஒரே பேச்சைக் கேட்டுக் கேட்டு அவன் காது புண்ணாகிக் கிடந்தது. வாக்கியம் முழுவதும் நழுவி, ஒரு வார்த்தை மட்டும் உள்ளே போய்த் தைத்தது.

"கள்ளும் இல்ல, சாராயமும் இல்ல மேடம்! கற்பூரம் ஏத்தி அணைக்கிறேன். நான் தொட்டதே இல்ல!"

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னார்: "கண்ணு. கண்ணு மூடச் சொன்னேன். நீங்க குடிக்கிறீங்கன்னு யாரு சொன்னாங்க?"

எத்திராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வார்த்தைக்குப் பதில் அழுகை வந்தது. நாற்பத்திரண்டு வயது மனுஷன், அத்தனை பேர் முன்னால் தோள் குலுங்க அழுதான். டாக்டர் ஒன்றும் அவசரப்படுத்தவில்லை. அழுது முடித்ததும் நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். சாய்ந்தவனை இரண்டு மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு நாற்காலியில் உட்கார வைத்து, இதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். "தினமும் என்ன சாப்பிடுறீங்க?"

இந்திராணி சொன்னாள். "காலைல இட்லி மேடம். மத்தியானம் சோறு, புளிக்கொழம்பு. சாயந்திரம் கொட்டாயிலயே போண்டா, டீ. அப்புறம் ரசஞ்சோறு."

"பால்?"

"வாசனையே ஆகாது. டீ கூடப் பாலு இல்லாமதான்."

"தயிர், மோர்?"

"சளி புடிக்குதுன்னு சின்ன வயசுலேந்தே தொடமாட்டாரு."

"முட்டை, கறி, மீன்?"

"மின்னாடி துன்னுக்கினு இருந்தாரு. அவங்க நைனா செத்தப்ப திருத்தணி முருகன்கிட்ட கறி வுட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்தாரு. கறியோட முட்டையும் வுட்டாச்சு. அஞ்சு வருஷம் ஆச்சு."

"மாத்திரை ஏதாவது?"

எத்திராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான். நெஞ்செரிச்சல் மாத்திரை. நாலு வருஷமாக மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கித் தினமும் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிறான்.

டாக்டர் அந்த அட்டையை மாணவர்களிடம் காட்டினார். யாரும் இப்போது சிரிக்கவில்லை. "நாக்க நீட்டுங்க" என்றார். பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். ரத்தம் எடுக்கச் சொல்லி, அவனை ஒரு வாரத்துக்கு வார்டில் சேர்த்துக்கொண்டார். ரத்தம் எடுத்த கையோடு முதல் ஊசியும் போட்டாகிவிட்டது.

இரண்டாம் நாள் முடிவு வந்தது. பி-12 என்ற வைட்டமின் இருநூறுக்கு மேல் இருக்க வேண்டும். அவனுக்கு எழுபத்து நாலு.

டாக்டர் ரோஹிணி கட்டிலருகே வந்து, தமிழும் தெலுங்குமாக விளக்கினார். கரண்டு கம்பிமேல் ரப்பர் உறை இருக்கிறதல்லவா, அது மாதிரி நரம்புக்கும் ஓர் உறை உண்டு. அந்த உறை கெடாமல் இருக்க இந்தச் சத்து வேண்டும். அரிசியிலோ பருப்பிலோ கீரையிலோ அது கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறி இவற்றில்தான் உண்டு. எல்லாவற்றையும் விட்டுவிட்டால் உடம்பு சேர்த்து வைத்ததை வைத்துச் சில வருஷம் ஓடும். மிச்சம் மீதி உள்ளே போனாலும் அதைச் சாப்பாட்டிலிருந்து பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். அதைத்தான் இவன் மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டிருந்தான். பாதத்திலிருந்து சேதி மூளைக்குப் போகவில்லை. கால் எங்கே இருக்கிறது என்று கண் பார்த்துச் சொன்னால்தான் அவனுக்குத் தெரியும். இருட்டினாலோ கண்ணை மூடினாலோ அதுவும் போச்சு.

"இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா வீல்சேர்தான். இப்ப வந்ததால திரும்பும். எவ்வளவு திரும்பும்னு போகப் போகப் பார்க்கலாம்" என்றார்.

இந்திராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் ஆக்கிப் போட்டதுல தப்பா மேடம்?"

"உங்களுக்கும் பொண்ணுக்கும் ஒண்ணும் ஆகலியே! நீங்க முட்டை சாப்பிடுறீங்க, மோர் குடிக்கிறீங்க. இவர் சாப்பிடல. அவ்ளோதான். நீங்கதான் கண்ண மூடச் சொல்லிப் பார்த்தீங்களாமே? நான் இங்க செஞ்ச சோதனையும் அதேதான்."

அந்த வார்த்தையை இந்திராணி பிற்பாடு வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கறி சாப்பிடலாம் என்ற பேச்சை எத்திராஜ் ஏற்கவில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாமிகிட்ட கறின்னுதான் சொன்னேன். தயிரப் பத்தி ஒண்ணும் பேசல" என்றான். தினம் இரண்டு வேளை தயிர், ஒரு டம்ளர் பால், ஊசி, பிறகு மாத்திரை என்று முடிவாயிற்று. நெஞ்செரிச்சல் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, சாயந்திரப் போண்டாவையும் வெறும் வயிற்று டீயையும் விடச் சொன்னார் டாக்டர்.

முதலில் குணமானது நாக்கு. பத்தாம் நாள் வீட்டில் இந்திராணி அரைத்த வேர்க்கடலைக் காரப் பச்சடியைத் துளி எரிச்சல் இல்லாமல் தின்றான். தயிர்தான் போராட்டம். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுங்குவான். ஹரிதா எதிரே உட்கார்ந்து கிண்ணம் காலியாகும்வரை நகரமாட்டாள்.

நாலாவது வாரம் பாதம் மிளகாய் தேய்த்தது போல எரிந்தது. பயந்துபோய்த் திருப்பதிக்கு ஓடினார்கள். "எரியுதா? ரொம்ப நல்லது. நரம்பு முழிச்சிக்குது" என்றார் டாக்டர்.

ஐப்பசியில் ஒரு காலை வாசலில் நின்றிருந்தவன் திடீரென்று கத்தினான். இந்திராணி கரண்டியோடு ஓடி வந்தாள். அவன் வலது கால் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"எறும்பு கடிச்சுட்ச்சு இந்திரா! சுருக்குன்னு தெரிஞ்சுது! இங்கதான், பாரு!"

அவள் அந்த விரலைத் தடவிப் பார்த்தாள். சின்னதாகத் தடித்திருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "மாமா, நான் ஒனக்கு ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி மத்தியானம் நீ படுத்துக்கினு இருக்கும்போது ஒன் வாயை மோந்து பார்த்தேன்."

"தெரியும். முழிச்சிக்கினுதான் இருந்தேன்."

"ஒண்ணுமே கேக்கலியே!"

"மோந்து பார்த்துட்டு என் தலைய கோதிட்டுப் போன. போதும்னு வுட்டுட்டேன்."

கார்த்திகை முதல் வாரம் அவன் ரத்தச் சோதனைத் தாள்களோடு சுரேஷ்பாபு முன்னால் போய் நின்றான். கூட இந்திராணியும் வந்தாள். பேசியதெல்லாம் அவள்தான். சுரேஷ்பாபு கண்ணாடி போட்டுக்கொண்டு தாளைப் புரட்டினார். பிறகு எழுந்து, இழைகள் அறுபட்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு தறியை நிறுத்தச் சொன்னார். "வா எத்திராஜ்."

இருபது இழை அறுந்திருந்தது. கொட்டகையே வேலையை விட்டுப் பார்த்தது. எத்திராஜ் உட்கார்ந்தான். முதல் இழையை விரலுக்கிடையே உருட்டினான். மெல்லிசாக, சரசரப்பாக, அது அங்கே இருந்தது. முடிச்சுப் போட்டான். அடுத்தது. அடுத்தது. ஐந்தாவது இழைக்குப் பிறகு அவன் கையைப் பார்க்கவே இல்லை. தலையை நிமிர்த்தி முதலாளியைப் பார்த்துக்கொண்டே போட்டான். இருபதும் முடிந்தது. தறியை ஓட்டிவிட்டார்கள். துணி குறையில்லாமல் இறங்கியது.

"தப்பு பண்ணிட்டன்பா" என்றார் சுரேஷ்பாபு, எல்லார் காதிலும் விழும்படியாக. "குடின்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஒரு வார்த்த உன்ன நல்லா விசாரிச்சிருக்கணும்." பிறகு அவனைத் தனியே ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் காலு மரத்துப் போவுதுப்பா. பத்து வருஷமா சுகர் மாத்திர துன்னுக்கினு கீறேன். அந்த டாக்டரம்மா எந்தக் கிழமை இருப்பாங்க?"

அவர் மட்டும் இல்லை. அந்த மாதம் கொட்டகையிலிருந்து ஒன்பது பேர் ரத்தம் கொடுத்தார்கள். மூன்று பேருக்குக் குறைவு என்று வந்தது, முதலாளியையும் சேர்த்து. எத்திராஜ் ஒவ்வொருவரிடமும், "செருப்பு கழண்டா தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கொட்டகைக்குத் தினம் மத்தியானம் ஒரு பானை மோர் வர ஆரம்பித்தது.

பொங்கல் வந்தது. காணும் பொங்கலன்று அவர்கள் தெரு இளைஞர் சங்கம் போட்டிகள் நடத்தும். அதில் ஸ்லோ சைக்கிள் பந்தயம் ஒன்று. ஐம்பது மீட்டர் தூரத்தை யார் கடைசியாகக் கடக்கிறார்களோ அவர்களே ஜெயித்தவர். கால் தரையில் பட்டால் வெளியே. ஹரிதா யாரிடமும் கேட்காமல் நைனாவின் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

மைக்கில் பெயரைக் கேட்டதும் எத்திராஜ் மகளைத் திரும்பிப் பார்த்தான். "இன்னாமா இது? அத்தினி பேரு மின்னாடியா?"

"அத்தினி பேரு மின்னாடிதான் நைனா" என்றாள் ஹரிதா.

புத்தூரிலிருந்து சந்திரன் மகளோடும் மருமகனோடும் தங்கை வீட்டுக்கு வந்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் வருகை. வந்ததிலிருந்து எத்திராஜின் முகத்தைப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தார். அவரும் தெருவோரம் நின்றார்.

பத்துப் பேர். ஒன்பது பேர் இருபதைத் தாண்டாத, தாண்டியும் முப்பதைத் தொடாத இளவட்டங்கள். விசில் ஊதினார்கள். முதல் பத்து மீட்டருக்குள் நாலு பேர் காலை ஊன்றிவிட்டார்கள். ஒருவன் பக்கத்து ஆள்மேல் சாய்ந்து இரண்டு பேரும் விழுந்தார்கள். எத்திராஜ் மிதிகட்டைமேல் பாதத்தை வைத்திருந்தான். குதிகால் எங்கே, விரல் எங்கே, எந்தப் பக்கம் கனம் சாய்கிறது, எல்லாம் தெரிந்தது. வண்டி வலப்பக்கம் சாயப் பார்த்தபோது உடம்பு தானாக இடப்பக்கம் ஒதுங்கியது. ஒரு மிதி, ஒரு நிறுத்தம். ஒரு மிதி, ஒரு நிறுத்தம்.

முப்பது மீட்டரில் இரண்டே பேர் மிச்சம். அவனும், மூன்று வருஷமாகத் தொடர்ந்து ஜெயித்த ரமணாவும். ரமணா அவனுக்கும் பின்னால் இருந்தான். எத்திராஜ் பிரேக்கை அழுத்தி வண்டியை அப்படியே நிறுத்தினான். முழுசாக நின்றது. கைப்பிடி மட்டும் இப்படியும் அப்படியும் லேசாக ஆடியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டத்தில் யாரோ எண்ண ஆரம்பிக்க, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ரமணாவும் அதேபோல வண்டியை நிறுத்திப் பார்த்தான். பதினொன்று எண்ணும்போது ரமணாவின் முன்சக்கரம் சட்டென்று ஒரு பக்கம் திரும்பியது. இடது கால் தரையில் பட்டது.

கூச்சல் வானத்தைத் தொட்டது. எல்லாரையும் விட முன்னால் சந்திரன் ஓடி வந்தார், வேட்டி அவிழ்வது தெரியாமல். "மாப்ளே! மாப்ளே! என்னைய மன்னிச்சிடு மாப்ளே!" அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"வேட்டியக் கட்டு மச்சான் மொதல்ல" என்றான் எத்திராஜ்.

ஆனால் அவன் இறங்கவில்லை. மிச்சத் தூரத்தை மெல்லக் கடந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியதும் ஓங்கி மிதித்தான். வண்டி பாய்ந்தது. தெருக்கோடி வரைக்கும் பிள்ளைகள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். ஹரிதா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். பரிசு வாங்க வரச் சொல்லி மைக்கில் மூன்று தரம் கூப்பிட்டார்கள். அதற்குள் அவன் சத்திரவாடா ரோடு திருப்பத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். இந்திராணிதான் மேடை ஏறிப் பரிசை வாங்கிக்கொண்டாள்.